நல்லி எலும்பும் தண்டுவடமும்: ஒரே சொல்லில் இரண்டு அறுவைகள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, பெரம்பூரில் நான் நடத்தும் சிறிய பிசியோதெரபி நிலையத்தின் வாசல் பெஞ்சில் இருவர் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வியாசர்பாடியைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் தம்பி. மற்றவர் கொளத்தூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை ஒருவரின் கணவர். காத்திருந்த நேரத்தில் தங்கள் கையிலிருந்த டிஸ்சார்ஜ் சம்மரிகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும் ‘இன்ட்ராமெடுல்லரி’ என்ற சொல் இருந்தது. “எங்க அண்ணனுக்கும் இதே ஆபரேஷன்தான் சார், மூணாம் நாளே நிக்க வெச்சுட்டாங்க” என்று தம்பி சொல்லியிருக்கிறார். ஆசிரியையின் கணவர் உள்ளே வந்து, தம் மனைவிக்கு ஐந்து வாரமாகியும் ஏன் யாரும் தனியாக நிற்க வைக்கவில்லை என்று என்னிடம் கேட்டார். பல இரவுகள் தூங்காதவரின் குரலில் கேட்டார். அன்று அவருக்கு அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். இதே சொல்லைத் தங்கள் அறிக்கையில் பார்த்துக் குழம்புகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

இன்ட்ரா என்றால் உள்ளே. மெடுல்லா என்ற லத்தீன் சொல்லுக்கு மஜ்ஜை என்றும், செடியின் தண்டுக்குள் இருக்கும் நெட்டி என்றும் பொருள். கெட்டியான எலும்புக்குள் பொதிந்திருக்கும் மெத்தென்ற சதை என்ற ஒரே ஒற்றுமையை வைத்து, பழைய உடற்கூற்று நூலோர் தொடை எலும்பின் மஜ்ஜைக்கும் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்துக்கும் அந்தப் பெயரையே இட்டுவிட்டார்கள். நம் பேச்சிலும் இதே குழப்பம் உண்டு. முதுகுத்தண்டு என்று எலும்புத் தொடரையும் சொல்கிறோம், அதனுள் இருக்கும் நரம்புக் கற்றையையும் சொல்கிறோம். அதனால் இந்தப் பதிவு முழுவதும் எலும்பை முதுகெலும்பு என்றும், நரம்பைத் தண்டுவடம் என்றும் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

முதலில் தொடை. ஆட்டுக்கால் நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சியவர்களுக்கு எலும்பின் உட்குழாயைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. மனிதத் தொடை எலும்பும் அப்படித்தான் இருக்கிறது: வெளியே தடித்த கெட்டிச் சுவர், நடுவே நீண்ட குழாய், வளர்ந்தவர்களிடம் அந்தக் குழாய் நிறையப் பெரும்பாலும் மஞ்சள் கொழுப்பு மஜ்ஜை. அந்தக் குழாயை ஒரு வழியாகப் பயன்படுத்தி, அதனுள் நீண்ட உலோகக் கம்பியைச் செலுத்தி, முறிந்த இரண்டு துண்டுகளையும் ஒரே அச்சில் கோத்துவிடலாம் என்று ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற அறுவை நிபுணர் 1939இல் செய்து காட்டினார். அதற்கு முன்பு தொடை எலும்பு முறிந்தால் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படுக்கையிலேயே கிடக்க வேண்டியிருந்தது. படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் காலில் இரத்தம் உறைவதும் முறிவைவிட அதிகமாக ஆளை வாட்டின. 1940இல் அவர் இதை பெர்லினில் அறுவை நிபுணர்கள் முன்னிலையில் விளக்கியபோது, மஜ்ஜையைச் சிதைத்தால் எலும்பு எப்படிக் கூடும் என்ற ஐயமே பலருக்கும் எழுந்தது. 1970களில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் கம்பியின் இரு முனைகளிலும் குறுக்கே ஸ்குரூ போட்டுப் பூட்டும் முறை வளர்ந்த பிறகு, பல துண்டுகளாக நொறுங்கிய எலும்புக்கும் இந்தக் கம்பி பொருந்தியது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘இன்ட்ராமெடுல்லரி’ கம்பி என்று எழுதுவதும், நம் ஊரில் ‘ராடு வெச்சிருக்கு’ என்று சொல்வதும் இதைத்தான்.

மஜ்ஜையைக் குடைவதால் எலும்பு கெட்டுவிடாதா என்ற அந்தப் பழைய ஐயத்தை இன்றும் நோயாளிகள் என்னிடம் கேட்கிறார்கள். எலும்புச் சுவரின் உட்புறம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மஜ்ஜைப் பக்கத்திலிருந்துதான் இரத்தம் வருகிறது; கம்பிக்கு வழிசெய்யக் குடையும்போது அந்தக் குழல்கள் சேதமடைவது உண்மை. ஆனால் வெளியே எலும்பைப் போர்த்தியிருக்கும் படலமும் சுற்றியுள்ள தசையும் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றன, உள்ளே இருந்த குழல்களும் வாரங்களில் மீண்டும் முளைக்கின்றன. குடைந்தபோது வந்த எலும்புத் தூளே முறிவிடத்தில் படிந்து கூடுவதற்கு உரமாகிறது. இடுப்பின் பக்கவாட்டில் சிறிய வெட்டு, சி-ஆர்ம் எக்ஸ்ரேயின் திரையைப் பார்த்தபடி உள்ளே செல்லும் கம்பி, முறிந்த இடத்தைத் திறந்தே பார்க்காமல் முடியும் அறுவை. முறிவைச் சுற்றி உறைந்திருக்கும் இரத்தம்தான் புது எலும்பின் நாற்றங்கால். அதைக் கலைக்காமல் விடுவதே இந்த முறையின் பெரிய நன்மை என்பது என் எண்ணம்.

பயப்பட வேண்டிய விஷயமும் இதே மஜ்ஜையில் இருக்கிறது. தொடை எலும்பு முறிந்தாலே, அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும், கொழுப்புத் துளிகள் இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போகக்கூடும். முறிந்த 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறல், திடீர்க் குழப்பப் பேச்சு, மார்பிலும் அக்குளிலும் கடுகு போன்ற சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது அவசர நிலை. எலும்பை விரைவில் அசையாமல் நிறுத்துவது இந்த ஆபத்தைக் குறைக்கிறது. ஒரு தொடை எலும்பு முறிவில் தசைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கும் மேல் இரத்தம் கசிந்துவிடலாம். ஆகவே தொடை வீங்கியவரை முதலில் கட்டுப் போடும் இடத்துக்கு அழைத்துப் போய், எண்ணெய் தடவி, மூங்கில் தப்பை வைத்து இரண்டு நாள் பார்ப்போம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், மரியாதையோடு மறுத்துவிட்டு 108ஐ அழையுங்கள். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது; பணத்துக்காகத் தயங்க வேண்டியதில்லை.

ஆட்டோ ஓட்டுநருக்கு அப்படித்தான் நடந்தது. மாதவரம் பக்கம் லாரி இடித்த மறுநாளே கம்பி வைத்துவிட்டார்கள். என்னிடம் வந்தபோது அவருடைய பிரச்சினை எலும்பில் இல்லை. “ராடு வளைஞ்சிடும் மேடம்” என்று சொல்லி, அந்தக் காலைத் தரையில் ஊன்றவே மறுத்தார். கம்பி எலும்பின் நடு அச்சில் இருப்பதால், உடலின் எடையை எலும்போடு பகிர்ந்துகொள்கிறது. அளவாக எடை விழும்போது முறிவிடத்தில் ஏற்படும் சிறு அசைவுதான் புது எலும்பைத் தூண்டுகிறது. எவ்வளவு எடை, எந்த வாரத்தில் என்பது முறிவின் வகையைப் பொறுத்தது. அதை அறுவை செய்தவர்தான் எழுதித் தர வேண்டும். அவருக்கு முதலில் 20 கிலோ என்று எழுதியிருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலைப் பலகையில் வைத்து, அடிபட்ட காலைக் குளியலறை எடை மெஷினில் ஊன்றச் சொன்னேன். முள் 6இல் நின்றது. வியர்த்துக்கொட்டியது. மூன்றாவது முயற்சியில் முள் 20ஐத் தொட்டபோது அவர் அழுதார், அவருடைய தம்பி வாசலுக்குப் போய்விட்டார். 20 கிலோ எப்படி இருக்கும் என்று பாதம் ஒருமுறை கற்றுக்கொண்டால் பிறகு மெஷின் தேவையில்லை.

நான்கு மாதத்தில் எக்ஸ்ரேயில் இடைவெளி இன்னும் கோடாகத் தெரிந்தது. புகைப்பதை அவர் விடவில்லை. எலும்பு தாமதமாகக் கூடுவதற்கு அது அறியப்பட்ட காரணம், அதை அவரிடம் நேராகவே சொன்னேன். அவருடைய மருத்துவர் கம்பியின் ஒரு முனையில் இருந்த ஸ்குரூவை மட்டும் எடுத்துவிட்டார். இரு முனையும் பூட்டியிருக்கும்போது துண்டுகள் ஒன்றையொன்று நெருங்க முடியாது. ஒரு பூட்டைத் திறந்தால் ஒவ்வோர் அடியிலும் அவை அழுந்திச் சேர்கின்றன. அடுத்த எக்ஸ்ரேயை என் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, முறிவைச் சுற்றிப் பஞ்சு போல எலும்பு கூடியிருந்தது. தை மாதத்தில் ஆட்டோவை எடுத்தார்.

இதே கம்பி வைத்தியத்துக்கு வேறு உருவங்களும் உண்டு. குழந்தைகளுக்கு எலும்பு வளரும் தட்டுகளைத் தொடாதபடி வளையும் இரண்டு டைட்டானியக் கம்பிகளை வைக்கிறார்கள். குளியலறையில் விழுந்து இடுப்பருகே முறித்துக்கொள்ளும் பாட்டிகளுக்கு பி.எஃப்.என். என்னும் குட்டையான கம்பி; மார்பகம் போன்ற வேறிடத்துப் புற்றுநோய் எலும்பில் பரவி அரித்திருந்தால், முறியும் முன்பே தாங்கலாக ஒரு கம்பி. காலின் கீழ் எலும்பில் கம்பி வைத்தவர்களுக்கு முட்டியின் முன்பக்கம், குறிப்பாக மண்டியிடும்போது, நெடுநாள் வலிப்பது சாதாரணம். தொழுகைக்கும் வீட்டுப் பூசைக்கும் மண்டியிடுகிறவர்கள் இதை அறுவைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி தண்டுவடம். வாழைத்தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நல்லி எலும்பில் மஜ்ஜையைக் குடைந்துவிட்டாலும் எலும்பு நிற்கும். வாழைத்தண்டிலோ உள்ளிருப்பதே தண்டு, அதைக் குடைந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தண்டுவடம் சுண்டுவிரல் தடிமனே உள்ளது, நீளம் சுமார் 45 சென்டிமீட்டர், கழுத்திலிருந்து தொடங்கி இடுப்பின் முதல் எலும்பு, இரண்டாம் எலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. கை, கால், மூச்சு, சிறுநீர், மலம், தொடுகை என எல்லாச் செய்திகளும் அந்தத் தடிமனுக்குள் நெருங்கி ஓடுகின்றன. இங்கே வரும் கட்டிகளை மூன்றாகப் பிரிப்பார்கள்: தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் உறைக்கு வெளியே இருப்பவை, உறைக்கு உள்ளே ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே இருப்பவை, தண்டுவடத்தின் சதைக்குள்ளேயே வளர்பவை. மூன்றாவது வகைதான் இன்ட்ராமெடுல்லரி. அவற்றில் பெரியவர்களுக்கு அதிகம் வருவது எபென்டிமோமா, குழந்தைகளுக்கு அதிகம் வருவது ஆஸ்ட்ரோசைட்டோமா. எபென்டிமோமா தண்டுவடத்தின் நடுக்கால்வாயின் உட்சுவரிலிருந்து புறப்பட்டு, சுற்றிலும் உள்ள நரம்பை ஒதுக்கித் தள்ளி வளர்கிறது. அதனால் பலருக்கு அதற்கும் நரம்புக்கும் இடையே ஓர் எல்லை கிடைக்கிறது, முழுவதும் எடுக்க முடிகிறது. ஆஸ்ட்ரோசைட்டோமா நரம்பிழைகளுக்கு ஊடே ஊடுருவுவதால் அந்த எல்லை தெரிவதில்லை. ஸ்கேனில் தண்டுவடம் வீங்கியிருப்பதெல்லாம் கட்டியாகவும் இருப்பதில்லை. காசநோய்க் கட்டி, நரம்புறை அழற்சி போன்றவையும் அப்படித் தெரியலாம், அவற்றில் பெரும்பாலானவை மருந்துக்கே கட்டுப்படும்.

அந்த ஆசிரியைக்கு 46 வயது. எட்டு மாதங்களாக இரண்டு கால்களும் விறைப்பாக இருப்பதாகவும் படியிறங்கும்போது தடுமாறுவதாகவும் சொல்லி, ஒருவர் மாற்றி ஒருவரிடம் காட்டியிருந்தார். இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருந்தது; அந்த வயதில் பாதிப் பேருக்குப் பிதுங்கியிருக்கும். டிஸ்க் என்று பெயர் கிடைத்ததும் எல்லோரும் தேடுவதை நிறுத்திவிட்டோம். நிறுத்திவிட்டோம் என்று நானும் சேர்ந்தே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வந்தபோது நானும் கையிலிருந்த அறிக்கையை நம்பி ஆறு முறை இடுப்புக்குப் பயிற்சி கொடுத்தேன். ஏழாம் முறை அவர் கையை நீட்டியபோது இடதுகை விரல் நுனிகளில் மூன்று தீப்புண்கள். தோசைக்கல்லில் பட்டதாம். எப்போது பட்டது என்று கேட்டேன். “தெரியலம்மா, வாடை வந்துதான் பார்த்தேன்” என்றார். பஞ்சால் தொட்டால் அந்த விரல்கள் உணர்ந்தன; குளிர்ந்த சோதனைக் குழாயை வைத்தபோது குளிர் தெரியவில்லை, ஊசிமுனை குத்தவில்லை. பிறகு பாதத்தின் அடியைக் கீறிப் பார்த்தேன். கீழ்நோக்கி மடங்க வேண்டிய கட்டைவிரல் மேல்நோக்கி எழுந்தது; கோளாறு இடுப்பு டிஸ்க்கில் இல்லை, அதற்கு மேலே தண்டுவடத்திலோ மூளையிலோ என்பதற்கு அது அடையாளம். முதல் நாளே நான் செய்திருக்க வேண்டிய சோதனை அது, ஒரு நிமிடம்கூட ஆகாது.

வலியையும் சூட்டையும் சுமக்கும் இழைகள் தண்டுவடத்தின் நடுவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்கின்றன. நடுக்கால்வாய் வீங்கினால் முதலில் நசுங்குவது அவைதான்; தொடுகையைச் சுமக்கும் இழைகள் பின்பக்கமாக ஓடுவதால் தப்பிவிடுகின்றன. தொட்டால் தெரிகிறது, சுட்டால் தெரியவில்லை என்பது இதனால்தான். கட்டி இருந்தாலும், தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாகும் சிரிங்கோமைலியா என்ற நோய் இருந்தாலும் இந்த அடையாளம் வரும். தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுவதால், விறைப்போடு வரும் கால் பலவீனத்துக்கான காரணத்தை அதற்கு மேலே, முதுகிலும் கழுத்திலும்தான் தேட வேண்டும். கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது நான்காவது எலும்பிலிருந்து ஏழாவது வரை கட்டியும், அதன் மேலும் கீழும் நீர்ப்பையும் தெரிந்தன.

முதுகில் கத்தி பட்டால் கால் போய்விடும் என்ற நம்பிக்கை நம் குடும்பங்களில் எவ்வளவு ஆழமானது என்பது எனக்குத் தெரியும். ஆசிரியையின் மாமியார் நாள் பார்த்துச் செய்யலாம் என்றார், ஊரிலிருந்து வந்த சித்தப்பா வேண்டவே வேண்டாம் என்றார். ஆனால் இந்த அறுவையின் முடிவைத் தீர்மானிப்பதில் முதன்மையானது, அறுவைக்கு முந்தைய நாள் நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்பதுதான். தானே நடந்து தியேட்டருக்குப் போகிறவருக்கு நடை மிஞ்சும் வாய்ப்பு அதிகம். சக்கர நாற்காலியில் ஆன பிறகு போகிறவருக்குக் கட்டி முழுவதும் போனாலும் நடை திரும்புவது அரிது. இந்த வகைக் கட்டி மெதுவாக வளர்வதால், அவசரம் எதுவும் இல்லை என்று தோன்றவைக்கிறது. அந்த மாதங்களில் போனது திரும்புவதில்லை. நல்ல வேளையாக, கைத்தடியோடு நடக்கும் நிலையிலேயே அவர் ஒப்புக்கொண்டார்.

தண்டுவடத்துக்குள் கத்தி வைப்பது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியது. நியூயார்க்கில் சார்ல்ஸ் எல்ஸ்பெர்க் 1911இல் ஒரு வழியை விவரித்தார்: முதல் நாள் தண்டுவடத்தின் நடுவே மெல்லக் கீறிவிட்டு மூடிவிடுவது, சுமார் ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போது உள்ளழுத்தத்தால் கட்டி தானே வெளியே பிதுங்கியிருக்கும், அதை எடுப்பது. நரம்பைத் தன் கையால் இழுக்காமல், உடலையே தள்ளவிட்ட அந்தப் பொறுமை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நம் நகரில் டாக்டர் பி.ராமமூர்த்தி 1950இல் அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியபோது சி.டி.யும் இல்லை, எம்.ஆர்.ஐ.யும் இல்லை. இன்று மைக்ராஸ்கோப், கட்டியை ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சும் கருவி ஆகியவற்றோடு, அறுவை நடக்கும்போதே மூளையிலிருந்து கைகால்களுக்கு மின்துடிப்பை அனுப்பி நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் கண்காணிப்பும் உள்ளது. அதில் டி-அலை என்ற ஒன்று தண்டுவடத்தின் மேலேயே பதிவாகிறது. தசைகளின் பதில் மறைந்துபோனாலும் டி-அலை பாதிக்கு மேல் நிலைத்திருந்தால், அறுவைக்குப் பின் வரும் பலவீனம் பெரும்பாலும் தற்காலிகமானது. அது பாதியாகக் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள்.

கட்டியை அடைய வழக்கமான வழி, தண்டுவடத்தின் பின்பக்க நடுக்கோடு. அந்தக் கோட்டின் இருபுறமும் ஓடுவது, நம் மூட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று மூளைக்குச் சொல்லும் இழைகள். ஆகவே எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அவை கொஞ்சம் அடிபடும். ஆசிரியையின் கணவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவர் மனைவியின் கால்களில் வலு இருந்தது. படுத்தபடி என் கையை உதைத்துத் தள்ளுவார். ஆனால் போர்வையை மூடிவிட்டு, உங்கள் வலது கட்டைவிரலை மேலே தூக்கியிருக்கிறேனா கீழே இறக்கியிருக்கிறேனா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. பாதம் தரையில் எங்கே இருக்கிறது என்று கண் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். இரண்டாம் வாரத்தில் வீட்டில் வாஷ்பேசினில் முகம் கழுவக் கண்ணை மூடியதும் அப்படியே சாய்ந்திருக்கிறார். ஆட்டோ ஓட்டுநரின் நரம்பு முழுதாக இருந்தது, எலும்பு முறிந்திருந்தது. இவருக்கு எலும்பு முழுதாக இருந்தது, தரையைப் பற்றிய செய்தி வரவில்லை. அவரை மூன்றாம் நாளில் நிற்க வைத்ததும், இவரை ஐந்தாம் வாரத்திலும் பிடி விடாமல் நிறுத்தியதும் இந்தக் காரணத்தால்தான் என்று கணவருக்குச் சொன்னேன். அவர் தம் மனைவியின் பாதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எங்கள் வேலை கண்ணாடி முன்பு தொடங்கியது. தரையில் ஒட்டிய மஞ்சள் நாடாவின் மேல் பாதத்தைப் பார்த்து வைப்பது, பிறகு பாதி பார்த்து, பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்து. மாலையில் கால்கள் விறைக்கும்போது நீட்டிப் பிடிப்பது. சிறுநீர்க் குழாய் எடுத்த பிறகு நேரம் வைத்து எழுந்து போவது. இதைப் பற்றிக் கேட்க நம் பெண்கள் கூச்சப்படுவதால் நானே முதலில் கேட்டுவிடுவேன். இரண்டு கால்களையும் சேர்த்துக் கண்ணை மூடி நிற்பதில் முதல் மாதம் 3 விநாடி தாங்கினார், மார்கழியில் 11, இப்போது 20ஐ நெருங்குகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தையும் தோசைக்கல்லையும் தொடுமுன் சூடாக இருக்கிறதா என்று கவனிக்கும் பழக்கத்தை அவர் வாழ்நாள் முழுதும் விடக்கூடாது. வலியும் சூடும் அந்த விரல்களுக்குத் திரும்பவில்லை. ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்கு இருக்கும் பெரிய கவலை சாக்பீஸ்தான். எவ்வளவு அழுத்துகிறோம் என்று வலதுகை விரல்கள் சொல்லாததால், பலகையில் வைத்ததுமே சாக்பீஸ் உடைந்தது. என் நிலையத்தின் மூலையில் அவருக்காக ஒரு சிறிய கரும்பலகை வாங்கி மாட்டினேன். முதல் நாள் ஒரு ‘அ’ எழுத ஐந்து சாக்பீஸ் உடைந்தது. நுனியைப் பார்த்துக்கொண்டே, அழுத்தத்தைக் காதால் கேட்டு எழுதப் பழகுகிறார்; மெல்ல எழுதினால் ஒரு விதமாக உரசுகிறதாம், அழுத்தினால் கிறீச்சிடுகிறதாம். சென்ற செவ்வாய்க்கிழமை உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுதினார். ‘ஐ’யின் சுழியில் ஒருமுறை உடைந்தது. மிச்சத் துண்டை வைத்தே ‘ஔ’ வரை முடித்துவிட்டு, வரும் வாரம் க வரிசை எழுதலாமா என்று கேட்டார்.